சாவிக்குத் தக்க பூட்டு
மனமும் மருந்தும்: வரலாற்றுத் தொடர் – 17

1986-ஆம் ஆண்டு பஸ்பிரோன் என்ற மாத்திரையைப் பதற்ற நோய்க்குத் தரலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. அதுவரை பதற்றத்துக்கு மருந்து என்றால் வாலியமும் அதன் உறவு மருந்துகளும்தான். பென்சோடயாசெபைன் என்ற அந்தக் குடும்பத்தின் எழுச்சியையும், பழக்கத்துக்கு அடிமையாக்கும் என்று தெரிந்தபின் அதற்கு நேர்ந்த அவப்பெயரையும் சென்ற பகுதிகளில் பார்த்தோம். பஸ்பிரோன் அந்த வம்சத்தில் வந்ததல்ல. அது உறக்கத்தில் ஆழ்த்துவதில்லை, தசையைத் தளர்த்துவதில்லை, வலிப்பை அடக்குவதில்லை. நிறுத்தினால் உடம்பு அதற்காக ஏங்குவதுமில்லை. மூளையில் அது சென்று ஒட்டும் இடமும் வேறு. செரட்டோனின் என்ற வேதிப்பொருளுக்காக நரம்பணுக்களில் இருக்கும் ஏற்பிகளில் ஒரு வகையை அது பாதியளவு தூண்டுகிறது. நோயாளிகளிடம் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும் என்பது மட்டும் குறை. ஆனால் இதே மருந்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள் குழம்பிப் போனார்கள். ஓர் ஆய்வுக்கூடத்தில் எலியின் பதற்றம் தணிந்தது. இன்னொன்றில் எதுவும் நடக்கவில்லை. வேறொன்றில் பதற்றம் கூடியது. மனிதருக்கு உதவுகிற மருந்தை, அத்தகைய மருந்துகளைக் கண்டுபிடிப்பதற்கென்றே வடிவமைத்த சோதனைகளால் ஏன் அடையாளம் காண முடியவில்லை? அந்தச் சோதனைகள் பதற்றத்தை அளக்கவில்லை, பென்சோடயாசெபைனை அளந்தன என்பதே இதற்கு விடை என்று நான் கருதுகிறேன். செரட்டோனின் மருந்துகள்தாம் அந்தப் பிழையை வெளியே கொண்டுவந்தன. அதைப் புரிந்துகொள்ள அளவுகோல் எப்படிச் செய்யப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எலியின் அச்சத்தை எண்ணால் சொல்லலாம் என்று முதலில் காட்டியவர்களில் வில்லியம் எஸ்டஸும் பி.எஃப். ஸ்கின்னரும் முக்கியமானவர்கள். 1941-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், உணவுக்காக நெம்புகோலை அழுத்திக்கொண்டிருக்கும் எலிக்கு ஓர் ஒலி கேட்கும். ஒலி முடிந்ததும் மின்னதிர்ச்சி வரும். சில தடவைகளுக்குப் பின் ஒலி கேட்டாலே எலி நெம்புகோலைத் தொடுவது குறைந்துவிடும். எவ்வளவு குறைந்தது என்று எண்ணிவிடலாம். இதை மருந்துச் சோதனையாக மாற்றிய பெருமை இர்விங் கெல்லர், ஜோசப் சீஃப்டர் இருவருக்கும் உரியது. 1960-இல் அவர்கள் விவரித்த ஏற்பாட்டில், பசித்த எலி நெம்புகோலை அழுத்தினால் இனிப்பூட்டிய பால் கிடைக்கும், ஆனால் எப்போதாவதுதான். இடையிடையே மூன்று நிமிடங்களுக்கு ஓர் ஒலி கேட்கும். அந்த மூன்று நிமிடங்களில் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் பால் உண்டு, கூடவே மின்னதிர்ச்சியும் உண்டு. ஆசை ஒரு பக்கம் இழுக்க, அச்சம் மறுபக்கம் தடுக்க, எலி நடுவில் நிற்கும். பதற்ற மருந்தான மெப்ரோபமேட் கொடுத்த எலி அதிர்ச்சியைப் பொறுத்துக்கொண்டு மறுபடி அழுத்தத் தொடங்கியது. பார்பிட்யூரேட் மருந்துகளும் அதைச் செய்தன. ஆம்ஃபெட்டமின் செய்யவில்லை, மனச்சிதைவுக்குத் தரும் மருந்து வகையைச் சேர்ந்த புரோமசினும் செய்யவில்லை. அதே ஆண்டு சந்தைக்கு வந்த லிப்ரியமும், 1963-இல் வந்த வாலியமும் இந்தச் சோதனையில் அருமையாகத் தேறின. 1971-இல் வோகல், பீர், குளோடி மூவரும் இதை இன்னும் எளிதாக்கினார்கள். எலிக்குப் பயிற்சியே தேவையில்லை. தாகத்தோடு விட்டு, தண்ணீர்க்குழாயை நக்கும்போது இடையிடையே அதிர்ச்சி கொடுத்து, எத்தனை முறை நக்குகிறது என்று எண்ணினால் போதும்.

இந்த வரிசையில் எது முன், எது பின் என்பதைக் கவனிக்க வேண்டும். மெப்ரோபமேட் மனிதரிடம் வேலை செய்யும் என்பது சோதனைக்கு முன்பே தெரியும். 1955 முதல் அது மில்டவுன் என்ற பெயரில் அமெரிக்கச் சந்தையில் சக்கைப்போடு போட்டது. லிப்ரியத்தைக் கண்டதும் இந்தச் சோதனை அல்ல. ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தில் லியோ ஸ்டெர்ன்பாக் ஒதுக்கி வைத்திருந்த ஒரு சேர்மத்தை 1957-இல் லோவெல் ராண்டல் விலங்குகளுக்குக் கொடுத்து, அவை சாந்தமாவதையும் தசை தளர்வதையும் பார்த்தார். மருந்து முதலில் வந்தது. அதற்கு எலி எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று பார்த்துச் சோதனை செதுக்கப்பட்டது. பின்னர் அந்தச் சோதனை நல்லது என்பதற்கு அந்த மருந்தே சான்றாக நிறுத்தப்பட்டது. கையில் இருக்கும் சாவிக்குத் தக்கபடி பூட்டைச் செய்துவிட்டு, அந்தச் சாவி திறக்கிறது என்று மகிழ்வதைப் போன்றது இது. சாவி ஒன்றே ஒன்றாக இருந்தவரை இதில் எந்தத் தீங்கும் தெரியவில்லை.

செரட்டோனின் இந்தக் கதைக்குள் நுழைந்தது முற்றிலும் வேறு வழியாக. 1948-இல் கிளீவ்லாந்தில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் மூவரும் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் பொருளாக அதைப் பிரித்தெடுத்தார்கள். அது மூளையிலும் இருக்கிறது என்று 1953-இல் பெட்டி ட்வாரோக் காட்டினார். 1964-இல் சுவீடனில் டால்ஸ்ட்ரோமும் ஃபுக்ஸியும் அதைச் சுரக்கும் அணுக்கள் மூளைத்தண்டின் நடுக்கோட்டில், ரஃபே என்ற சிறு கொத்துகளில் குவிந்திருப்பதை வரைபடமாக்கினார்கள். மனித மூளையில் அவை சில லட்சம்தான். ஆனால் அவற்றின் இழைகள் மூளையின் மூலைமுடுக்கெல்லாம் சென்று சேருகின்றன. 1966-இல் செரட்டோனின் உற்பத்தியை முடக்கும் ஒரு சேர்மத்தை ஃபைசர் நிறுவனத்தின் கோவும் வைஸ்மனும் அறிவித்தார்கள். 1969-இல் ராபிஷோவும் ஸ்லெட்ஜும் அதை கெல்லர் - சீஃப்டர் பெட்டியில் இருந்த எலிக்குக் கொடுத்தபோது, வாலியம் கொடுத்தது போலவே எலி துணிந்தது. பிரேசிலைச் சேர்ந்த ஃபிரெடெரிகோ கிரேஃப் 1970-இல் ஷோன்ஃபெல்டுடன் சேர்ந்து, செரட்டோனினைத் தடுக்கும் மருந்துகள் புறாக்களிடமும் இதே விளைவைத் தருவதாக எழுதினார். 1972-இல் வைஸ், பெர்கர், ஸ்டைன் மூவரும் எல்லா இழைகளையும் ஒரு முடிச்சில் சேர்த்தார்கள். பென்சோடயாசெபைன் முதல் சில நாட்கள் எலியைச் சோர்வாக்குகிறது, பிறகு சோர்வு பழகிப்போகிறது. அச்சம் தணிவது மட்டும் நீடிக்கிறது. மூளையில் செரட்டோனினின் செயல்பாடு குறைவதும் அதனோடு சேர்ந்தே நீடிக்கிறது. ஆகவே செரட்டோனின்தான் அச்சத்தின் குரல், அதை அடக்குவதே வாலியத்தின் வேலை என்றார்கள்.

எளிமையும் அழகும் சேர்ந்த கோட்பாடு அது. ஐந்தாண்டுகளில் அதன் ஒரு கால் முறிந்தது. 1977-இல் டென்மார்க்கில் ஸ்குவயர்ஸ், பிரஸ்ட்ரப் இருவரும், சுவிட்சர்லாந்தில் மோலர், ஒகாடா இருவரும் தனித்தனியாக மூளையில் பென்சோடயாசெபைனுக்கென்றே ஒட்டுமிடங்கள் இருப்பதைக் கண்டார்கள். அவை காபா என்ற வேறொரு வேதிப்பொருளின் ஏற்பியோடு இணைந்தவை. வாலியத்தின் நேரடி இலக்கு செரட்டோனின் அல்ல என்பது தெளிவாயிற்று. இருந்தாலும் செரட்டோனினைக் குறைத்தால் பதற்றம் குறையும் என்ற பாதிக் கோட்பாடு உயிரோடு இருந்தது. அதைத் தாங்கி நின்றவை எல்லாம் வாலியத்தின் அளவெடுத்துத் தைத்த சோதனைகள்.

1980களில் புது வகைச் சோதனைகள் வந்தன. மின்னதிர்ச்சியும் பசியும் இல்லாமல், விலங்கின் இயல்பான தயக்கத்தையே அளப்பவை. அவற்றுள் மிகவும் புகழ்பெற்றது கூட்டல் குறி வடிவத்தில் அமைந்த உயர்மேடை. தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் உயரத்தில் நான்கு கைகள். எதிரெதிரான இரண்டுக்குச் சுவர் உண்டு, மற்ற இரண்டும் திறந்தவெளி. எலி சுவருள்ள கைகளையே விரும்பும். திறந்த கையில் ஐந்து நிமிடங்களில் எத்தனை நேரம் செலவிடுகிறது என்பதுதான் அதன் துணிவின் அளவு. இங்கிலாந்தில் ஷீலா ஹேண்ட்லியும் மிதானியும் 1984-இல் இதை முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டு பெல்லோ, ஷோப்பன், ஃபைல், பிரைலி நால்வரும் இதை முறைப்படுத்தினார்கள். மின்னதிர்ச்சி மறைந்தது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மேடை நம்பகமானதா என்று பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்ட உரைகல் எது? டயாசெபாமும் குளோர்டயாசெபாக்சைடும், அதாவது வாலியமும் லிப்ரியமும், திறந்த கையில் நேரத்தைக் கூட்டின. பதற்றத்தைத் தூண்டும் சில பொருள்கள் குறைத்தன. பெட்டி மாறியது, உரைகல் மாறவில்லை. அதன்பின் இதே மேடையில் செரட்டோனின் மருந்துகளை ஏற்றியபோது முடிவுகள் நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்டது போல நாலா பக்கமும் சிதறின. பஸ்பிரோனின் கதி முதலிலேயே சொன்னதுதான். எலியின் தண்டனைச் சோதனைகளில் மங்கலாகத் தெரிந்த அதன் பலன், ஜேம்ஸ் பாரெட்டும் ஜெஃப்ரி விட்கினும் புறாக்களிடம் பார்த்தபோது பளிச்சென்று தெரிந்தது. புறா சொல்வதை எலி சொல்லவில்லை என்றால், இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்று பலர் எண்ணினார்கள். இரண்டும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்லியிருக்கலாம் என்று எண்ணியவர்கள் குறைவு.

தவறவிட்டது ஒரு வகைப் பிழை என்றால், இல்லாததை இருப்பதாகச் சொன்னது மற்றொரு வகை. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பிரெண்டா காஸ்டல், ராபர்ட் நெய்லர் குழுவினர் 1980களின் பிற்பகுதியில் வேறொரு செரட்டோனின் ஏற்பியை அடைக்கும் மருந்துகளை ஆராய்ந்தார்கள். பாதி இருட்டும் பாதி வெளிச்சமுமான பெட்டியில் சுண்டெலியை விட்டால் அது இருட்டை நாடும்; ஆன்டான்செட்ரான் கொடுத்த சுண்டெலி வெளிச்சத்துக்குத் துணிந்து வந்தது, அதுவும் மிக நுண்ணிய அளவிலேயே. உறக்கம் தராத, அடிமையாக்காத புதிய வாலியம் கிடைத்துவிட்டது என்று நம்பிக்கை பெருகியது. மனிதரிடம் அந்த நம்பிக்கை நிறைவேறவில்லை. ஆன்டான்செட்ரான் பதற்ற மருந்தாகச் சந்தைக்கு வரவே இல்லை. புற்றுநோய்ச் சிகிச்சையின்போது வரும் வாந்தியைத் தடுக்கும் மருந்தாக 1991-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இன்று நம் ஊர் மருந்துக்கடைகளிலும் வாந்திக்கு முதலில் நினைவுக்கு வரும் மாத்திரைகளில் ஒன்று. அதனால் கோடிக்கணக்கானவர்களுக்கு நன்மை கிடைத்தது. ஆனால் சுண்டெலி வெளிச்சத்துக்கு வருவதும் மனிதனின் நெஞ்சு படபடப்பு அடங்குவதும் ஒன்றல்ல என்ற பாடத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் எழும். பஸ்பிரோன் மனிதரிடமும் அத்தனை வலுவான மருந்தல்ல. பீதி நோய்க்கு அது உதவுவதில்லை. ஆகவே எலிகளின் தயக்கமான பதில் சரியான பதில்தானே என்று கேட்கலாம். இதில் உண்மை இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பொதுவான பதற்ற நோயில் வெற்று மாத்திரையைவிட பஸ்பிரோன் மேலானது என்பதும் நிறுவப்பட்ட ஒன்று. அதைவிட முக்கியமாக, 1986-இல் ஷ்வைசர், ரிக்கல்ஸ், லக்கி மூவரும் ஒரு செய்தியைக் கவனித்தார்கள்: முன்பு பென்சோடயாசெபைன் உட்கொண்டவர்களிடம் பஸ்பிரோன் குறைவாகவே வேலை செய்தது. மாத்திரை விழுங்கிய ஒரு மணி நேரத்தில் உடம்பு இளகுவதே குணம் என்று பழகியவருக்கு, ஓசையில்லாமல் மூன்றாவது வாரத்தில் வரும் அமைதி குணமாகத் தெரியாமல் போவதற்கு வாய்ப்புண்டு. அப்படியானால் வாலியத்தின் அளவுக்கு வார்க்கப்பட்டது எலிப்பெட்டி மட்டுமல்ல, மனிதரின் எதிர்பார்ப்பும்தான். ஒரு வாதத்துக்கு பஸ்பிரோனை ஒதுக்கிவிட்டாலும், அடுத்து வந்த மருந்துகளை அப்படி ஒதுக்க முடியாது.

ஃபுளுவாக்செட்டின் பற்றிய முதல் ஆய்வுரை 1974-இல் வந்தது. எலை லில்லி நிறுவனத்தின் டேவிட் வாங்கும் உடன் உழைத்தவர்களும் அதை எழுதினார்கள். நரம்பணு வெளியிட்ட செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுத்து, அதன் அளவைக் கூட்டும் மருந்து அது. மனச்சோர்வுக்காக 1987-இன் இறுதியில் ஒப்புதல் பெற்றது. அதன் இனத்தைச் சேர்ந்த பராக்செட்டின் 1996-இல் பீதி நோய்க்கும், 1999-இல் சமூக அச்சத்துக்கும், 2001-இல் பொதுவான பதற்ற நோய்க்கும் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் பதற்ற நோய்களுக்கு மருத்துவர்கள் முதலில் எழுதுவது இந்த இனத்து மருந்துகளைத்தான். செரட்டோனினைக் குறைத்தால் பதற்றம் தணியும் என்ற 1972-இன் கோட்பாட்டுக்கு நேர் எதிராக, செரட்டோனினைக் கூட்டும் மருந்து பதற்றத்தைத் தணிக்கிறது. எலிச்சோதனைகள் இதைச் சொல்லவில்லை. ஒரு வேளை மருந்து கொடுத்து உயர்மேடையில் விட்டால், இந்த மருந்துகளில் பல எதையும் செய்யவில்லை அல்லது எலியை மேலும் ஒடுங்கச் செய்தன. சோதனை பொய்த்தது என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் மருத்துவர்களைக் கேட்டால் அவர்களும் இதையேதான் சொல்வார்கள்: முதல் சில நாட்களில் நோயாளிகள் பலருக்குப் படபடப்பும் அமைதியின்மையும் கூடுகின்றன, அதனால்தான் சிறு அளவில் தொடங்குகிறார்கள். எலி உண்மையையே சொல்லியிருக்கிறது. ஒரே வேளை மருந்துக்குப்பின் என்ன நேர்கிறது என்று கேட்டார்கள், அதற்கு அது சரியாகவே பதில் தந்தது. வாலியம் ஒரு மணி நேரத்தில் வேலை செய்வதால், எல்லா மருந்தையும் ஒரு மணி நேரத்தில் விசாரித்து முடிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் மனிதர்கள்.

ஏன் வாரங்கள் ஆகின்றன என்பதற்கும் ஒரு விளக்கம் உருவானது. பஸ்பிரோன் ஒட்டும் அதே ஏற்பி இரண்டு இடங்களில் இருக்கிறது. ரஃபே அணுக்களின் மேலேயே இருப்பவை தடைக்கட்டையாக வேலை செய்கின்றன. செரட்டோனின் கூடினால் அணுவின் துடிப்பைக் குறைத்துவிடுகின்றன. மூளையின் முன்பகுதிகளில் இருப்பவை செய்தியை வாங்கிக்கொள்பவை. மாண்ட்ரியலில் பியர் பிளியேவும் கிளோட் டி மாண்டினியும் 1980களில் எலி மூளையில் நுண்மின்முனைகளைச் செருகிப் பதிவு செய்தபோது, மருந்தின் முதல் நாட்களில் ரஃபேயின் துடிப்பு சரிவதையும், இரண்டு வாரங்களில் தடைக்கட்டை தேய்ந்து துடிப்பு மீள்வதையும் கண்டார்கள். அந்த இரண்டு வாரமும் நோயாளியின் காத்திருப்பும் ஏறத்தாழப் பொருந்துகின்றன. இந்த விளக்கமே முழு விடை என்று கொள்ள இயலாது. ஆனால் செரட்டோனின் கூடியதா குறைந்ததா என்ற ஒற்றைக் கேள்வி போதாது, எந்த இடத்தில், எந்த ஏற்பியில், எத்தனை நாளில் என்று கேட்க வேண்டும் என்பதை அது நிலைநாட்டியது. குறைந்தது பதினான்கு வகை ஏற்பிகள் உள்ள ஒரு பொருளுக்கு ஒற்றைக் குணம் கற்பிப்பது காவிரிக்கு ஒரே ஊரைச் சொந்தமாக்குவது போலத்தான்.

இன்னொரு எதிர்வாதம் இதைவிட ஆழமானது. பதற்றம் என்பது நாளையைப் பற்றிய நினைப்பு. மொழியும் கற்பனையும் உள்ள மனிதனுக்கே உரியது. எலியிடம் அதைத் தேடுவதே வீண் என்பது அந்த வாதம். எலிக்கு மகளின் திருமணக் கவலை இல்லை என்பது மெய்தான். ஆனால் இந்த வாதம் முழுவதும் சரி என்றால் விலங்கு ஆய்வுகளில் ஒத்திசைவே இருக்கக் கூடாது. 1998-இல் மூன்று குழுக்கள் தனித்தனியாக, வெவ்வேறு சுண்டெலி இனங்களில், பஸ்பிரோன் ஒட்டும் அந்த ஏற்பியின் மரபணுவை நீக்கின. மூன்றிலும் சுண்டெலிகள் அதிக அச்சம் காட்டின. 2002-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்னீலியஸ் கிராஸும் ரெனே ஹென்னும் ஒரு படி மேலே சென்றார்கள். ஏற்பியை வேண்டியபோது இயக்கி, வேண்டாதபோது அணைக்கும் வகையில் சுண்டெலிகளை உருவாக்கினார்கள். முன்மூளையில் ஏற்பி பிறப்புக்குப் பிந்தைய முதல் வாரங்களில் இருந்தால் போதும், வளர்ந்தபின் அணைத்தாலும் அச்சம் இயல்பாகவே இருந்தது. குழந்தைப் பருவத்தில் இல்லாவிட்டால் பிற்காலத்தில் கொடுத்தும் பயனில்லை. பதற்றத்தின் அடித்தளம் இளம் மூளையில் போடப்படுகிறது என்ற இந்தச் செய்தியை எந்த நோயாளியிடமும் இப்படி அறிந்திருக்க முடியாது. விலங்கு ஆய்வைக் கைவிடச் சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதே மூச்சில், விலங்கு ஆய்வை அப்படியே நம்புபவர்கள் பதில் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. 1999-இல் கிராப், வால்ஸ்டன், டூடெக் மூவரும் போர்ட்லாந்து, எட்மன்டன், ஆல்பனி நகரங்களில் ஒரே இனச் சுண்டெலிகளை, ஒரே வயதில், ஒரே மாதிரியான கருவிகளில், ஒரே நேரத்தில் சோதித்தார்கள். செரட்டோனின் ஏற்பி ஒன்றின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளும் அவற்றில் இருந்தன. இத்தனை ஒழுங்குக்குப் பிறகும் உயர்மேடையின் முடிவுகள் ஊருக்கு ஊர் மாறின. கூண்டைத் தூக்கும் கையும் அறையின் வாசனையும்கூட விலங்கின் துணிவில் பங்கு கேட்கின்றன போலும்.

இந்தச் சிக்கலிலிருந்து வெளியேற வழி காட்டியவர்களில் நான் மிகவும் மதிப்பது கிரேஃபை. செரட்டோனினைத் தடுத்தால் புறா துணிகிறது என்று 1970-இல் எழுதியவரே, நடுமூளையில் மின்சாரத்தால் தூண்டப்பட்ட விலங்கு தப்பியோடும்போது செரட்டோனின் அந்த ஓட்டத்தை அடக்குவதையும் கண்டார். தன் இரண்டு கண்டுபிடிப்புகளும் மோதியபோது ஒன்றை விட்டுவிடாமல் இரண்டையும் வைத்துக்கொண்டு யோசித்தார். 1991-இல் மான்செஸ்டரின் பில் டீக்கினுடன் சேர்ந்து அவர் சொன்னது இதுதான்: வரப்போகும் ஆபத்தை எண்ணித் தயங்குவது ஒன்று, வந்துவிட்ட ஆபத்திலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடுவது மற்றொன்று. செரட்டோனின் முன்னதை வளர்க்கிறது, பின்னதைக் கட்டுப்படுத்துகிறது. முன்னது பொதுவான பதற்றத்துக்கும், பின்னது பீதிக்கும் நெருக்கம். பிரேசிலின் ரிபெய்ராவ் பிரெட்டோ நகரத்தில் அவர் குழுவினர் உயர்மேடையின் ஒரு கையை நீக்கி, ஆங்கில டி எழுத்து வடிவில் மாற்றினார்கள். சுவருள்ள கையிலிருந்து வெளியே வர எலி எடுத்துக்கொள்ளும் நேரம் தயக்கத்தின் அளவு. திறந்த கையில் விட்டால் ஓடி ஒளிய எடுத்துக்கொள்ளும் நேரம் தப்பியோடலின் அளவு. ஒரே எலியில் இரண்டையும் பிரித்துப் பார்த்தபோது, டயாசெபாமும் பஸ்பிரோனும் தயக்கத்தை மட்டும் தளர்த்தின. மூன்று வாரம் கொடுக்கப்பட்ட மனச்சோர்வு மருந்துகள்தாம் தப்பியோடலையும் தணித்தன. நியூயார்க்கில் டொனால்ட் கிளைன் 1960களின் தொடக்கத்திலேயே, இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மருந்து பீதியைத் தணிக்கிறது, மற்றப் பதற்றத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை என்று நோயாளிகளிடம் கண்டிருந்தார். அதற்கு ஒத்த ஒரு பிரிவினை எலியிடம் தெரிய முப்பது ஆண்டுகள் ஆயின. எலி தாமதிக்கவில்லை, வாலியம் பிரிக்காத இரண்டைப் பிரித்துக் கேட்க ஒரு செரட்டோனின் ஆய்வாளர் வர வேண்டியிருந்தது.

உரைகல்லை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டோடு இந்தப் பகுதியை நிறுத்துகிறேன். பசித்த சுண்டெலியைப் பழக்கமில்லாத, வெளிச்சமான பெட்டியில் விட்டு, நடுவில் உணவை வைத்தால், போய்க் கடிக்க அது எத்தனை நிமிடம் தயங்குகிறது? ஒரு வேளை ஃபுளுவாக்செட்டின் இந்தத் தயக்கத்தைக் குறைப்பதில்லை. நோயாளிகளைப் போலவே வாரக்கணக்கில் கொடுத்தால்தான் குறைகிறது. 2003-இல் கொலம்பியாவில் லூகா சாந்தரெல்லி, ரெனே ஹென் குழுவினர் 28 நாட்கள் மருந்து கொடுத்தபின் சுண்டெலிகள் விரைவில் உணவுக்கு வருவதைக் கண்டார்கள். பஸ்பிரோன் ஒட்டும் அந்த ஏற்பி இல்லாத சுண்டெலிகளிடம் 28 நாள் ஃபுளுவாக்செட்டினும் பலிக்கவில்லை. மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியை எக்ஸ் கதிரால் தாக்கி, அங்கே புதிய நரம்பணுக்கள் பிறப்பதைத் தடுத்தபோதும் பலிக்கவில்லை. வளர்ந்த மூளையில் அணுக்கள் பிறக்கின்றனவா, அவற்றுக்கும் மன அமைதிக்கும் என்ன தொடர்பு என்ற வழக்கு அங்கிருந்துதான் சூடுபிடித்தது. அது அடுத்த பகுதிக்கு உரியது.